கொறடா சொன்னாலும் குதிக்கக் கூடாத நெருப்பு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை சிறு படையொன்றை அனுப்பிவைத்தார்கள். அன்சாரித் தோழர் ஒருவரை அதற்குத் தலைவராக நியமித்து, அவருக்குக் கட்டுப்பட்டு நடக்குமாறு படையினரிடம் கூறினார்கள். வழியில் ஏதோ ஒரு காரணத்தால் அத்தலைவருக்குத் தம் வீரர்கள்மீது கோபம் வந்துவிட்டது. விறகு சேகரிக்கச் சொன்னார்; சேகரித்தார்கள். தீ மூட்டச் சொன்னார், மூட்டினார்கள். தமக்குக் கட்டுப்படும்படி நபியவர்கள் கட்டளையிடவில்லையா என்று கேட்டார், ஆம் என்றார்கள். அப்படியானால் இந்த நெருப்பில் நுழையுங்கள் என்றார். சிலர் நுழையவும் எண்ணினார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெருப்பிலிருந்து தப்பிப்பதற்காகத்தானே நாம் நபியவர்களிடம் ஓடிவந்தோம் என்று பேசிக்கொண்டார்கள். பேச்சு நீண்டது. தீயும் அணைந்தது, தலைவரின் கோபமும் தணிந்தது. செய்தி நபியவர்களை எட்டியபோது, அவர்கள் அதில் நுழைந்திருந்தால் ஒருபோதும் வெளியேறியிருக்க மாட்டார்கள் என்றும், கட்டுப்படுதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்றும் தெளிவுபடுத்தினார்கள். அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

ஜும்ஆ மேடைகளில் இந்த ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பெற்றோர் மார்க்கத்துக்கு முரணானதை ஏவினால் என்ன செய்வது, முதலாளி பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் என்ன செய்வது என்பன போன்ற கேள்விகளுக்கு விடையாக அது எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் அந்தத் தலைவர் தகப்பனாரும் அல்லர், முதலாளியும் அல்லர். முறைப்படி நியமிக்கப்பட்ட அமீர். கட்டுப்பாடு குலைந்தால் தோற்றுப்போகக்கூடிய ஓர் அணிக்குத் தலைவர். இன்றைய வாழ்வில் இந்த நிகழ்ச்சிக்கு மிக நெருக்கமான இடத்தைத் தேடினால், கட்சியும் அதன் கொறடாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன.

2003-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நடுத்தர வயதைக் கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இராக்கின்மீது போர் தொடுக்க அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்கள். நம் பள்ளிவாசல்களில் கண்ணீரோடு துஆக்கள் கேட்கப்பட்டன. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அம்மாதம் 17-ஆம் நாள், பிரிட்டிஷ் அமைச்சரவையிலிருந்து ராபின் குக் விலகினார். தொழிற்கட்சியின் மிக மூத்த தலைவர்களுள் ஒருவர். 1997 முதல் 2001 வரை வெளியுறவு அமைச்சர். அதன்பின் நாடாளுமன்றக் கீழவையின் முன்னவர். அதாவது, அரசின் அலுவல்களை அவையில் நடத்திக்கொடுப்பதே அவருடைய பொறுப்பு. அன்றிரவு அமைச்சர்களின் வரிசையை விட்டுப் பின்வரிசைக்குச் சென்று, அங்கிருந்து எழுந்து பேசினார்.

அந்த உரையை இன்று படித்தாலும் நம்மைக் கவருவது அதன் நிதானமே. பிரதமர் டோனி பிளேரை அவர் ஏசவில்லை. அவருடைய தலைமை நீடிக்க வேண்டும் என்றே சொன்னார். பின்னர் தம் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். பேரழிவு ஆயுதம் என்று பொதுவாக நாம் புரிந்துகொள்ளும் பொருளில் அப்படியோர் ஆயுதம் இராக்கிடம் அநேகமாக இல்லை என்றார். இராக்கின் படை இவ்வளவு பலவீனமாக இருப்பதால்தான் அதன்மீது படையெடுப்பதைப் பற்றியே சிந்திக்க முடிகிறது. பலவீனமானது என்று கணித்துக்கொண்டே அதை அச்சுறுத்தல் என்றும் எப்படிச் சொல்வது என்று கேட்டார். சர்வதேச உடன்பாடும் இல்லை, உள்நாட்டு மக்களின் ஆதரவும் இல்லை; இந்நிலையில் இப்போரைத் தம்மால் ஆதரிக்க இயலாது என்று முடித்தார். கைதட்டுவது அந்த அவையின் மரபுக்கு மாறானது. அன்று உறுப்பினர்கள் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வெளியுறவு அமைச்சராக நான்காண்டுகள் உளவுத்துறை அறிக்கைகளைப் படித்தவர் அவர். எனவே அவருடைய ஐயத்தை அறியாமை என்று எவரும் தள்ளிவிட முடியவில்லை. மறுநாள் வாக்கெடுப்பு நடந்தது. போருக்கான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தத்தை 217 பேர் ஆதரித்தார்கள். அவர்களில் 139 பேர் ஆளும் தொழிற்கட்சியினர். தங்கள் கட்சியின் கொறடாவை மீறியே வாக்களித்தார்கள். ஆனாலும் எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சி பிளேருக்குத் துணை நின்றதால் திருத்தம் தோற்றது. அரசின் தீர்மானம் 412-க்கு 149 என்ற கணக்கில் நிறைவேறியது. ஓரிரு நாட்களில் பாக்தாத்தின்மீது குண்டுகள் விழத் தொடங்கின.

அப்படியானால் குக் விலகியதால் என்ன பயன் விளைந்தது என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். போர் நிற்கவில்லை. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இராக்கியப் பொதுமக்கள் உயிரிழந்தார்கள். பிரிட்டிஷ் படையினர் 179 பேரும் மாண்டார்கள். அந்த ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. 2016 ஜூலையில் வெளியான சில்காட் விசாரணை அறிக்கை, அமைதி வழிகள் முற்றிலும் முயன்று பார்க்கப்படும் முன்னரே போர் தொடங்கப்பட்டது என்றும், ஆயுத அச்சுறுத்தலைப் பற்றி அரசு காட்டிய உறுதிக்கு ஆதாரம் போதாது என்றும் கூறியது. அதைப் படிக்க குக் உயிரோடு இல்லை. 2005 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் மலையொன்றில் நடந்து சென்றபோது மயங்கி விழுந்து, 59-ஆம் வயதில் இறந்துபோனார்.

இங்கே நாம் கவனிக்க விரும்பும் செய்தி ஒன்று உண்டு. விலகிய பிறகும் குக் வேறு கட்சிக்குப் போகவில்லை. இறக்கும்வரை தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். அமைச்சர் பதவி போனது, அதன் செல்வாக்கு போனது, மீண்டும் அமைச்சராகும் வாய்ப்பும் ஏறத்தாழப் போனது. ஈடாக எதையும் அவர் பெற்றுக்கொள்ளவில்லை. நம் நாட்டில் மனசாட்சியின் குரல் கேட்டுக் கட்சியை விட்டு வெளியேறுகிறவருக்கு, அடுத்த வாரமே இன்னொரு கட்சியின் அலுவலகத்தில் பொன்னாடை காத்திருக்கிறது. அந்தக் குரல் தேர்தல் அட்டவணையைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஒலிப்பதைப் பார்த்துப் பார்த்து, மனசாட்சி என்ற சொல்லையே நம் மக்கள் நகைப்போடு கேட்கப் பழகிவிட்டார்கள். ஒருவர் எங்கே போனார் என்பதைவிட, போகும்போது எதை இழந்தார் என்று பார்ப்பதே நமக்குத் தெரிந்த எளிய அளவுகோல்.

அதே அமைச்சரவையில் சர்வதேச வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தவர் கிளேர் ஷார்ட். போர் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது வானொலிப் பேட்டியொன்றில் பிரதமரின் போக்கு பொறுப்பற்றது என்று வெளிப்படையாகச் சாடினார். ஐ.நா.வின் ஒப்புதல் இல்லாமல் போர் நடந்தால் பதவி விலகுவதாகவும் அறிவித்தார். போர் நடந்தது, அவர் விலகவில்லை. போருக்குப் பிந்தைய சீரமைப்பில் ஐ.நா.வுக்கு உரிய இடம் தரப்படும் என்று தமக்கு உறுதியளிக்கப்பட்டதாகச் சொன்னார். அந்த உறுதிமொழி காப்பாற்றப்படவில்லை என்று கூறி மே 12-ஆம் நாள் விலகினார். கருத்தில் குக்குக்கும் அவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இடைவெளி எட்டு வாரங்கள்தான். ஆனால் அந்த எட்டு வாரங்களுக்குள் பாக்தாத் வீழ்ந்துவிட்டது. அவருடைய விலகலுக்கு யாரும் எழுந்து நின்று கைதட்டவில்லை.

ஷார்ட் அவர்களை இழித்துரைக்க நாம் இதைச் சொல்லவில்லை. உள்ளே இருந்தால் தீமையைக் கொஞ்சமாவது குறைக்கலாம் என்ற எண்ணம் நல்லவர்களுக்கும் வருவதுதான். நம் சமுதாயத்திலிருந்து பெரிய கட்சிகளுக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் சொல்வதும் இதையே. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கிறது. உள்ளே ஒருவர் இருந்ததால் ஒரு கபர்ஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கிடைத்திருக்கிறது, ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இவற்றை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் உள்ளே இருப்பவர் எந்தக் கட்டத்தில் வெளியேறுவார் என்ற எல்லையைத் தமக்குள்ளாவது முன்கூட்டியே வரைந்து வைத்திருக்க வேண்டும். தீ மூட்டப்பட்ட பிறகு எல்லையைத் தேடத் தொடங்கினால், ஷார்ட்டுக்கு நேர்ந்ததே நேரும்.

2014 ஆகஸ்ட் 5 அன்று அதே பிரிட்டனில், இம்முறை கன்சர்வேடிவ் கட்சி தலைமையிலான கூட்டணி அரசிலிருந்து, ஸயீதா வார்ஸி விலகினார். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய தொழிலாளிக் குடும்பத்தின் மகள். 2010-இல் பிரிட்டிஷ் அமைச்சரவைக் கூட்டத்தில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் பெண். காஸாவின்மீது இஸ்ரேல் நடத்திக்கொண்டிருந்த தாக்குதலில் தம் அரசு கடைப்பிடித்த கொள்கையை அறநெறிப்படி நியாயப்படுத்த முடியாது என்பதே அவர் சொன்ன காரணம். அப்போர் முடிவதற்குள் 2,100-க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள். அவருடைய சக அமைச்சரான ஜார்ஜ் ஆஸ்போர்ன், இந்த விலகல் தேவையற்றது என்று கருத்துரைத்தார். விலகுகிறவர்களைப் பார்த்து விலகாதவர்கள் எப்போதும் சொல்லும் சொல் அது. வார்ஸியும் உடனே கட்சி மாறவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின்னர், 2024 செப்டம்பரில்தான், கட்சி தாம் சேர்ந்த காலத்தில் இருந்த கட்சியாக இல்லை என்று கூறி, மேலவையில் அதன் அணியிலிருந்து வெளியேறினார்.

இவ்விரு செய்திகளையும் நம் வீடுகளில் மகிழ்ச்சியோடு பேசினோம். குக்கின் உரையைத் தமிழில் எழுதிப் பகிர்ந்தோம். வார்ஸியின் படத்தை முகநூலில் போட்டோம். அதே மகிழ்ச்சியில், நம் நாட்டில் ஏன் ஒருவரும் இப்படிச் செய்வதில்லை என்று பெருமூச்சும் விட்டோம்.

அதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் நம் உறுப்பினர்களைக் குறைகூறுவது நேர்மையாகாது. 1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரங்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். ‘ஆயா ராம், கயா ராம்’ என்ற கேலிச் சொல் அதிலிருந்து பிறந்தது. இத்தகைய தாவல்களைத் தடுப்பதற்காக 1985-இல் அரசியல் சாசனத்தின் 52-ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. நோக்கம் நல்லதே. ஆனால் அதன்படி, கட்சி மாறினால் மட்டும் பதவி போவதில்லை. கொறடாவின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும், கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகக்கூடும். அன்று லண்டனில் எதிர்த்து வாக்களித்த 139 பேரும் மறுநாள் தம் இருக்கைகளுக்குத் திரும்பி வந்து அமர்ந்தார்கள். அவர்கள் புதுதில்லியில் இருந்திருந்தால் 139 இடைத்தேர்தல்களைச் சந்திக்க நேர்ந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் அதே அட்டவணையில் இருக்கிறது. தனியொருவர் மனசாட்சிப்படி மாற்றி வாக்களித்தால் அவர் குற்றவாளி. ஒரு கட்சியின் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து இன்னொரு கட்சிக்குப் போனால் அதற்குப் பெயர் இணைப்பு, பதவிக்குச் சேதமில்லை. தனியாக நிற்பவரைத் தண்டித்து, கூட்டமாகப் போகிறவர்களைக் காப்பாற்றும் சட்டமாக அது ஆகிவிட்டது. ஆட்சியின் வாழ்வுக்குத் தேவையான நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் கொறடாவின் அதிகாரத்தைச் சுருக்க வேண்டும் என்று 1990-இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. அது ஏட்டிலேயே கிடக்கிறது. எந்தக் கட்சியும் அதை எடுத்துப் படிக்க விரும்பவில்லை என்பதில் நமக்கு வியப்பில்லை.

சட்டம் இவ்வளவு இறுக்கமாக இருந்தும் விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2008 ஜூலையில் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசுக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். அப்போது மக்களவை சபாநாயகராக இருந்த சோம்நாத் சட்டர்ஜி, பதவி விலகும்படி மார்க்சிஸ்ட் கட்சி கூறியதை ஏற்கவில்லை. சபாநாயகர் கட்சிகளுக்கு அப்பாற்பட்டவர் என்பது அவர் நிலை. ஜூலை 22 வாக்கெடுப்பை அவரே தலைமையேற்று நடத்தினார். மறுநாள் கட்சி அவரை நீக்கியது. நாற்பதாண்டு உறவு அத்துடன் முடிந்தது. பத்து முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அம்மனிதர் 2018 ஆகஸ்டில் காலமானபோது, அவர் உடல்மீது கட்சிக் கொடியைப் போர்த்துவதற்கு அவருடைய குடும்பத்தார் இசையவில்லை. அந்த ஒப்பந்தம் சரியா தவறா என்பதில் நமக்குள் பல கருத்துகள் இருந்தன. இன்றைய தலைமுறைக்கு அந்த ஒப்பந்தமே நினைவில்லை.

2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா வந்தபோது இந்தக் கேள்வி நம் வாசலுக்கே வந்து நின்றது. மக்களவையில் 288-க்கு 232, மாநிலங்களவையில் 128-க்கு 95 என்று அது நிறைவேறியது. அதை ஆதரித்த ஐக்கிய ஜனதா தளத்திலிருந்து பீகாரில் முஸ்லிம் நிர்வாகிகள் சிலர் விலகினார்கள். அவர்களை நாம் பாராட்டினோம். மாநிலங்களவையில் வேறொன்றும் நடந்தது. மசோதாவை எதிர்ப்பதாகக் கூறியிருந்த பிஜு ஜனதா தளம், கடைசி நேரத்தில் கொறடா உத்தரவு எதுவும் இல்லை, உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று அறிவித்தது. நாம் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த சுதந்திரம் அல்லவா அது? ஆனால் அன்று நம் சமுதாயத்தில் எழுந்தது மகிழ்ச்சி அல்ல, கோபம். மனசாட்சிக்கு விடுதலை கொடுத்தது ஏன், கொறடா எங்கே போனார் என்று கேட்டவர்கள் நாம்தாம். கட்சி தன் வாக்குறுதியிலிருந்து நழுவுவதற்கு மனசாட்சியைத் திரையாகப் பிடித்தது என்ற நம் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. அதை மறுக்கவில்லை. எனினும் அந்தக் கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மனசாட்சி நம் பக்கம் வரும் என்றால்தான் அது நமக்கு வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்க நம்மிடம் பழைய உரைகல் ஒன்று இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னால் பல வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது தெரிந்தே சொல்கிறோம்: ஆரிஃப் முஹம்மது கான்.

ஷா பானு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சமுதாயம் கொந்தளித்தது. ராஜீவ் காந்தியின் அரசில் இணையமைச்சராக இருந்த ஆரிஃப் முஹம்மது கான் அவ்வாண்டு ஆகஸ்டில் மக்களவையில் அரசின் தரப்பில் எழுந்து, தீர்ப்பை ஆதரித்துப் பேசினார். பின்னர் அரசு தன் நிலையை மாற்றிக்கொண்டு, மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்கள் தொடர்பான மசோதாவைக் கொண்டுவந்தது. 1986 பிப்ரவரியில் அவர் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு 35 வயதுகூட ஆகவில்லை. கட்சிக்கு நாடாளுமன்றத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். வாய்மூடி இருந்திருந்தால் அவருக்கு முன்னே நீண்ட பாதை இருந்தது. சமுதாயத்தின் பெருந்திரளும், ஆலிம் பெருமக்களும், அவருடைய கட்சித் தலைமையும் ஒரே பக்கத்தில் நின்றபோது அவர் எதிர்ப்பக்கத்தில் தனியாக நின்றார்.

அந்த மசோதாவைப் பொறுத்தவரை நாம் அவரோடு உடன்படவில்லை. நம் குடும்பச் சட்டத்தை நீதிமன்றங்கள் தம் விருப்பப்படி விளக்குவதை அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. அதன்பின் அவர் கட்சி கட்சியாகச் சென்றதையும், இறுதியில் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதையும், கேரளத்திலும் பீகாரிலும் ஆளுநர் மாளிகை வரை போனதையும் அறிவோம். அந்தப் பயணத்தைப் பற்றி நமக்குச் சொல்ல நிறைய உண்டு. இக்கட்டுரை அதற்கான இடமன்று. நாம் கேட்பது 1986 பிப்ரவரியைப் பற்றி மட்டும். தாம் அவையில் நின்று சொன்ன சொல்லைத் தம் கட்சி மாற்றிச் சொல்லச் சொன்னபோது, மாற்றிச் சொல்லாமல் பதவியை விட்டுப்போன ஒருவரை நாம் அன்று எப்படி அழைத்தோம்? நேர்மையானவர், ஆனால் தவறான கருத்துடையவர் என்று சொன்ன ஒரு மேடையையாவது நம்மில் யாரும் நினைவுகூர முடியுமா? துரோகி என்ற சொல்தான் கிடைத்தது. அதையே நாமும் சொன்னோம்.

பிளேரின் கட்சியில் இருந்த போர் ஆதரவாளர்களும் ராபின் குக்கை அன்று இப்படித்தான் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு அவர் தோழர்களைப் போர்முனையில் கைவிட்டவர். நமக்கோ வீரர். இரண்டிலும் அளவுகோல் ஒன்றுதான்: அவர் யார் பக்கம் சாய்ந்தார்?

ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்ற கருத்தில் ஸூரத்துல் மாயிதாவின் எட்டாவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. உங்களுக்கே, உங்கள் பெற்றோருக்கே, உறவினருக்கே எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற பொருளில் ஸூரத்துன் நிஸாவின் 135-ஆவது வசனம் அமைந்துள்ளது. முதல் வசனத்தை நாம் மேடைதோறும் ஓதுகிறோம். ஏனென்றால் மற்றவர்கள் நம்மை வெறுக்கும்போது அவர்களுக்கு நினைவூட்ட அது உதவுகிறது. இரண்டாவது வசனத்தை நிக்காஹ் மண்டபத்திலோ, ஜமாஅத் பொதுக்குழுவிலோ, அமைப்புகளின் ஆண்டுக் கூட்டத்திலோ ஓதி விளக்கம் சொல்லக் கேட்டது மிகக் குறைவு.

தம் கூட்டத்தார் அநீதி செய்யும்போது அவர்களுக்குத் துணை நிற்பதுதான் அஸபிய்யத் என்று ஹதீஸ்களில் நாம் படிக்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் குலம், கோத்திரம், மொழி என்று நம் எண்ணம் போகிறது. கட்சி என்று போவதில்லை. நாம் சார்ந்திருக்கும் அமைப்பு என்று ஒருபோதும் போவதில்லை. தமிழகத்தில் கடந்த முப்பதாண்டுகளில் நம் அமைப்புகள் எத்தனையாகப் பிரிந்திருக்கின்றன என்பதை வாசகர்கள் விரல்விட்டு எண்ணலாம். விரல்கள் போதாமலும் போகலாம். ஒவ்வொரு பிரிவின்போதும் தலைமையைக் கேள்வி கேட்டவர் முதலில் சந்தேகத்துக்குரியவரானார், பிறகு கைக்கூலியானார், அதன்பின் அவருடைய வீட்டு மய்யித்துக்குப் போகலாமா என்பதே விவாதமானது. அவர்களில் பதவி ஆசையால் பிரிந்தவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டோம். உண்மையாகவே கணக்கைக் கேட்டவர்களும் உண்டு. இரண்டு வகையினரையும் ஒரே சொல்லால் அழைத்த பிறகு, அடுத்த முறை கணக்குக் கேட்க யார் எழுவார்?

இப்படிப்பட்ட வீடுகளில் வளரும் பிள்ளைகள்தாம் நாளை வார்டு உறுப்பினராகவும், சட்டமன்ற உறுப்பினராகவும் போகிறார்கள். அங்கே போய் அவர்கள் கொறடாவை எதிர்த்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முத்தவல்லியை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டவர் என்ன ஆனார் என்பதை அவர்கள் சிறு வயதிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

நமக்குத் தெரிந்த ஊர் ஒன்றில் அப்படி ஒருவர் இருக்கிறார். ஊரின் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். ஜமாஅத் நிர்வாகக் குழுவில் எட்டாண்டுகள் இருந்தவர். தலைவருக்கு மிக நெருக்கமானவர் என்றே எல்லோரும் அவரைக் கருதினார்கள். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளின் வாடகை பல்லாண்டுகளாக உயர்த்தப்படவில்லை. அவற்றில் இரண்டு, தலைவரின் மைத்துனர் கையில் இருந்தன. ஆண்டுக் கணக்கில் கையொப்பமிடும் நாளன்று, இந்த வாடகைக்கு நான் அல்லாஹ்விடம் பதில் சொல்ல முடியாது என்று சொல்லிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சத்தம் போடவில்லை, துண்டறிக்கை அடிக்கவில்லை, எதிரணி சேர்க்கவில்லை. அடுத்த பொதுக்குழுவில் அவர் பெயர் பட்டியலில் இல்லை. அவருடைய மகளின் நிக்காஹுக்கு நிர்வாகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று அவர் மனைவி கேட்டதாகவும், அதற்கு அவர் பதில் சொல்லவில்லை என்றும் அவரே சிரித்துக்கொண்டு நம்மிடம் சொன்னார்.

அவர் வேறு பள்ளிவாசலுக்குப் போகவில்லை. அந்த ஊரில் இன்னொரு பள்ளிவாசலும், அவரை வரவேற்கக் காத்திருந்த இன்னோர் அணியும் இருந்தன. இன்றும் ஃபஜ்ருக்கு அதே பள்ளிக்கு வருகிறார். இரண்டாவது ஸஃப்பில், வழக்கமான தூணின் அருகே நிற்கிறார். கடைகளின் வாடகை இன்னும் உயரவில்லை. சென்ற ரமலானில் நாம் அங்கே போயிருந்தபோது, ஸலாம் கொடுத்து முடித்ததும் ஓர் இளைஞர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.